திக்கிங் மூட்டை

எங்கள் ஸ்காட்லாந்து மலைப்பக்கம், புதுக்குடித்தனம் போடப் போகிறவன் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு வீடாக விதை ஓட்ஸ் கேட்டு வருவான். அதற்குத் திக்கிங் என்று பெயர். பிச்சை என்று மட்டும் சொல்லிப் பாருங்கள், பல்லு இருக்காது! பிச்சை வயிற்றுக்கு, திக்கிங் கல்யாணத்துக்கு. இல்லையென்று சொன்ன வீட்டை ஊரே காறித்துப்பும்.

நான் ஆசைப்பட்ட நீனியனுக்கு என்னைக் கட்டித் தரமாட்டேன் என்று அப்பா ஒற்றைக்காலில் நின்றார். "கைப்பிடி விதைக்கு வக்கில்லாத பயலுக்குப் பொண்ணு கேக்குதா? விதையோட வரட்டும், அப்புறம் பாக்கலாம்" என்று மாதாகோயில் வாசலில் ஊர் கேட்கக் கத்தினார். நான் அழுது தீர்த்தேன். அப்புறம்தான் மூளை வேலை செய்தது. நீனியனிடம் போய், "திக்கிங் போக காலிச் சாக்கு ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன்.

திக்கிங் வருகிறவனுக்கு வீட்டுக்கு வீடு ஒரு வாய் விஸ்கி உண்டு. நீனியன் எங்கள் வாசலுக்கு வந்தபோது மூட்டை நேராக நின்றது, அவன்தான் நிற்கவில்லை. பின்னாலேயே பாதி ஊர் சிரித்துக்கொண்டு வந்தது. எனக்குச் சிரிப்பும் பயமும் சேர்ந்து வந்து தொலைத்தன. பாவி உளறிவிட்டால் என் கதி?

"யாருடா பொண்ணு?" என்றார் அப்பா.

"மூட்டை நெறைஞ்சதும் சொல்றேங்க... ஹிக்!"

பொண்ணு வீட்டிலேயே வந்து எவனாவது விதை கேட்பானா? வேறு எவளோ மாட்டிக்கொண்டாள், பீடை விட்டது என்று அப்பாவுக்கு ஒரே குஷி. கூட்டத்தோடு வந்திருந்த பக்கத்துப் பண்ணை கில்பர்ட்டுக்கும் அப்பாவுக்கும் ஏழாம் பொருத்தம். கில்பர்ட் சும்மா இருப்பாரா?

"நான் ஒரு மரக்கால் போட்டேன். உங்க கை எவ்ளோ தாராளம்னு பாப்போமே!"

"ஒரு மரக்காலா? எலிக்கா போட்டீங்க? அடியே கிர்சல், நம்ம பெரிய மரக்காலை எடுத்தாடி!"

பறந்து போய் எடுத்து வந்தேன். அப்பா அளந்து கொட்டக் கொட்ட மூட்டை பிதுங்கியது. "நல்லா இரு. பொண்டாட்டியப் பட்டினி போடாம வெச்சுக்கோ" என்று அவன் முதுகில் தட்டினார்.

"ஆகட்டும் மாமா."

முதுகில் தட்டிய கையை அப்பா வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"எவன்டா உனக்கு மாமா?"

நான் போய் மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டேன். "விதையோட வரட்டும்னீங்களேப்பா? வந்துட்டாரு. அதுவும் நம்ம வீட்டு விதை, ஒசத்தி விதை!"

கில்பர்ட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "வேணும்னா திரும்பக் கொட்டிக்கோங்களேன்!"

அப்பா முகம் சிவந்தது. கில்பர்ட்டைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார், பல்லிளித்து நின்ற நீனியனைப் பார்த்தார். நான் மூட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"குடுத்ததத் திரும்பி வாங்குற வீடாய்யா இது?" என்று கில்பர்ட்மேல் பாய்ந்தவர், என் பக்கம் திரும்பினார்.

"எறங்குடி கழுதை. விதை நசுங்குது."