ஆறுக்கு ஐந்து

ஆறாவது கோல் விழுந்ததும் அரியலூர்க் கல்லூரிப் பெண்கள் ஒருத்திமேல் ஒருத்தி விழுந்து கத்தினார்கள். மைதானத்தின் மறுமுனையில், தன் கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற வெற்றிச்செல்வி மட்டும் அவர்களிடம் ஓடவில்லை. அவள்தான் அந்த அணியின் கோல்கீப்பர், கேப்டனும்கூட. அந்த ஆண்டு ஓர் ஆட்டம்கூட ஜெயிக்காத அணி. இதிலும் தோற்றால் கால்பந்தே வேண்டாம், மைதானத்தில் கலையரங்கம் கட்டிக்கொள்ளலாம் என்று கல்லூரிச் சேர்மன் சொல்லியிருந்தார். இப்போது பெரம்பலூர்க் கல்லூரியை அவர்கள் மைதானத்திலேயே ஆறுக்கு ஐந்து என்று ஜெயித்தாயிற்று.

முதல் பாதி வேறு மாதிரி இருந்தது. பெரம்பலூர் அணியின் அஸ்ரின் முதலாம் ஆண்டுதான் படிக்கிறாள், லப்பைக்குடிக்காட்டுப் பெண். அவள் அடித்த பந்துகள் வந்த திசைகூட வெற்றிச்செல்விக்குத் தெரியவில்லை. ஒன்றுக்கு ஐந்து. கையுறைக்குள் விரல்கள் எரிந்தன. ஆனாலும் அந்த எரிச்சலில் ஒரு நியாயம் இருந்தது. இடைவேளைக்குப் பிறகு அஸ்ரின் பாதி மைதானத்தைத் தாண்டி வரவே இல்லை. அவர்களுடைய தடுப்பாட்டக்காரிகள் கல்யாண வீட்டில் பந்திக்கு வழிவிடுவதுபோல ஒதுங்கி நின்றார்கள். அவர்களுடைய கோல்கீப்பர், உருண்டுவந்த பந்துக்கு எதிர்ப்பக்கமாகப் பாய்ந்தாள். பார்த்தவர்களோ கோல் மழை என்று விசிலடித்தார்கள்.

குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்த அஸ்ரினிடம் வெற்றிச்செல்வி நேராகப் போனாள்.

“ஏன்டி ஆடாம நின்னீங்க?”

அஸ்ரின் சுற்றுமுற்றும் பார்த்தாள். “அக்கா, யார்ட்டயும் சொல்லிடாதீங்க. உங்க சேர்மன் பையனுக்கு எங்க சேர்மன் பொண்ணப் பேசி முடிச்சிருக்காங்களாம். ரெண்டு சேர்மனும் பாதியில வந்து ஒக்காந்தாங்கல்ல? சம்பந்தியோட டீம அசிங்கப்படுத்தாதீங்கன்னு எங்க கோச் மேடம் சொல்லிட்டாங்க.”

மேடையில் சம்பந்திகள் இருவரும் மாற்றி மாற்றிச் சால்வை போர்த்திக்கொண்டார்கள். கோப்பையைக் கொடுத்த அரியலூர்ச் சேர்மன், மோதிரக் கையால் வெற்றிச்செல்வியின் தலையைத் தடவினார். ஜவ்வாதும் வியர்வையும் கலந்த வாடை. “சிங்கம்மா நீ!” என்றார். ஐந்து கோல் விட்டவளைப் பார்த்து. அந்தக் கை பட்ட இடத்தை உடனே கழுவ வேண்டும்போல இருந்தது.

பஸ் அருகே பயிற்சியாளர் பரணிதரன் நின்றிருந்தார்.

“உங்களுக்குத் தெரியுமா சார்?”

அவர் எதைப் பற்றி என்று கேட்கவில்லை. “டீம் இருக்கும்னு சேர்மன் சொல்லிட்டாரும்மா. எல்லாருக்கும் புது ஷூ வேற. அதப் பாரு.”

“அடுத்த மேட்ச்சுல யாரு சார் விட்டுக்குடுப்பாங்க? அவருக்கு இன்னொரு பையன் இருக்கானா?”

“ஏறும்மா, நேரமாச்சு” என்றார் பரணிதரன். பஸ்ஸுக்குள், மூன்று கோல் அடித்த புவனேஸ்வரி போனில் அழுதுகொண்டே சிரித்தாள். “நாந்தாம்மா மூணு! நெசமாத்தாம்மா!” அவளிடம் போய்ச் சொல்ல வெற்றிச்செல்விக்கு வாய் வரவில்லை. சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து ஊர்வரை போகவும் முடியாது என்று தோன்றியது. கோப்பையைப் படிக்கட்டில் வைத்துவிட்டு, ஒரு பந்தை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குத் திரும்ப நடந்தாள்.

“ஒரே ஒரு பந்து. ஒழுங்கா அடி” என்றாள் அஸ்ரினிடம்.

“விடுங்கக்கா. அதான் ஜெயிச்சுட்டீங்கல்ல.”

“அடின்னு சொல்றேன்ல!”

ஆள் கலைந்துபோன மைதானத்தில், வலையை அவிழ்த்துவிட்ட கம்பங்களுக்கு நடுவே போய் முட்டி மடக்கி நின்றாள். அஸ்ரின் பந்தை வைத்தாள். மேடைப்பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு இவளைப் பார்த்தாள், அடிபட்டுக் கிடக்கும் ஒன்றைப் பார்ப்பதுபோல. ஓடிவந்து, பாதத்தின் உட்பக்கத்தால் மெல்லத் தள்ளிவிட்டாள்.

பந்து புழுதியில் உருண்டு வந்தது. பஸ் ஹாரன் அடித்தது. வெற்றிச்செல்வி குனியவில்லை. அது அவள் காலை ஒட்டிக் கடந்து, கோட்டைத் தாண்டி, பின்னாலிருந்த கருவேல முள்ளை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தது.