சோளம் வெந்த தண்ணீர்

சர்க்கரை நோய் வந்தபிறகு அப்பாவுக்கு மிச்சமிருந்தது மாலை ஐந்து மணி மக்காச்சோளம் ஒன்றுதான். இனிப்பு போயிற்று. இரண்டாம் முறை சோறு போயிற்று. முப்பது வருடம் பேருந்து ஓட்டியபோது கூடவே வந்த குளிர்பானமும் போயிற்று. "சோளம் சர்க்கரையை ஏத்துதான்னு வீட்டுலயே பாருங்க. ஏத்துச்சுன்னா விட்டுடுங்க" என்று டாக்டர் சொன்னதும், லைசென்ஸைத் திருப்பிக் கேட்டதுபோல் அவர் முகம் சுருங்கியது.

மகளுக்கு ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. அவள் கருவியோடு வந்து உட்கார்ந்தாள்.

"வா, ரத்தக்காட்டேரி" என்று விரலை நீட்டினார்.

சாப்பிடுமுன் 121. கதிரை வரிசை வரிசையாகக் கடித்து, ஒரு மணிகூட விடாமல் முடித்தார். இரண்டு மணி நேரம் கழித்து 248.

"மெஷின் பொய் சொல்லுது."

"அதுக்கு உங்கமேல என்னப்பா பகை?"

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கும் உறுத்தியது. சோளத்தில் மாவுச்சத்து உண்டுதான். ஆனால் நார்ச்சத்தும் இருக்கிறது. மஞ்சள் நிறத்தைத் தரும் சத்து கண்ணுக்கு நல்லது என்றும் படித்திருக்கிறாள். ஒரே ஒரு கதிர் இப்படித் தாவுமா? பரிசோதனைக்கூடத்தில் ஓர் எண் பொருந்தாவிட்டால், முதலில் ரத்தம் எப்படி எடுத்தார்கள் என்றுதான் பார்ப்பார்கள். மறுநாள் சமையலறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

"சமையல் கத்துக்கப் போறியா? மழை கொட்டப்போகுது" என்றாள் அம்மா.

அம்மா தோகையை உரித்தாள், நாரைத் துடைத்தாள், கதிரைப் பானையில் போட்டாள். பிறகு டப்பாவிலிருந்து வெள்ளையாக ஒரு கை அள்ளிப் போட்டாள்.

"உப்பாம்மா?"

"சர்க்கரை."

"சர்க்கரையா!"

"கத்தாதே. பறிச்சு ரெண்டு நாளான கதிர் சப்புன்னு இருக்கு. பாவம், மனுஷனுக்கு இருக்கறதே இது ஒண்ணுதான். தண்ணியைத்தான் கீழே கொட்டிடறேனே, சோளம் எவ்வளவு இழுத்துடப் போகுது?"

அதுவும் நியாயம்தான். ஊறினாலும் இவ்வளவு ஏறாது. அப்படியானால் மீதி எங்கிருந்து ஏறுகிறது?

சோளம் வெந்தது. தட்டில் எடுத்துவைத்துவிட்டு அம்மா துணி எடுக்க மாடிக்குப் போனாள். அவள் காலடிச் சத்தம் அடங்குவதற்குள் அப்பா டம்ளரோடு பானையருகே நின்றார்.

"என்னப்பா பண்றீங்க?"

"சத்தெல்லாம் தண்ணியிலதாம்மா இறங்குது. உங்கம்மா விவரம் தெரியாம கொட்டிடறா. நான் தினம் ரெண்டு டம்ளர் காப்பாத்தறேன்."

"எப்படி இருக்கும்?"

"அதான் அதிசயம்! தேன் மாதிரி. எல்லாம் இயற்கை."

வாசற்படியில் துணிமூட்டையோடு அம்மா நின்றிருந்தாள்.

"இயற்கையா? நான் போட்ட ஒரு பிடி சர்க்கரைங்க அது!"

டம்ளர் மெல்லக் கீழே இறங்கியது. மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு பானையைத் தொட்டியில் கவிழ்த்தாள்.

மூன்றாம் நாள் வெறும் தண்ணீரில் வேகவைத்த கதிர். சர்க்கரை மெல்ல ஏறட்டும் என்று கூட ஒரு பிடி வேர்க்கடலை. பானைக்கு அம்மா காவல்.

"சப்புன்னு இருக்கு" என்று அப்பா முகத்தைச் சுளித்தார்.

இரண்டு மணி நேரம் கழித்து 157.

"இது இருக்கட்டும்பா. ஆனா சோளம் தின்ன அளவுக்கு ராத்திரிச் சோறு குறையணும்."

அவர் எண்ணை ஒருமுறை வாய்விட்டுப் படித்தார். பிறகு அம்மா பக்கம் திரும்பினார்.

"நாளைக்கும் சப்புன்னே இருக்கட்டும்."