பெரிய வெள்ளியில் சுற்றிய தட்டு

வீட்டுக்குள் உண்டியல் ஒன்றை வைத்து, அதற்குக் காணிக்கை போட்டால்தான் வெளிச்சம் என்று சட்டம் போட்டவர் யாழ்ப்பாணத்தில் லண்டன் ஏர்னெஸ்ட் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

நல்லூரில் அவருடைய பெரிய வீட்டோடு ஒட்டியிருந்த அனெக்ஸின் முன்னறைச் சுவரில் அந்த மீற்றர் இருந்தது. கறுப்பு இரும்புப் பெட்டி. இருபத்திரண்டு வருடம் லண்டனில் கிளாக்கராக இருந்துவிட்டு ஊர் திரும்பியபோது, கம்பளிக் கோட்டுகளோடு அதையும் கப்பலேற்றிக் கொண்டுவந்திருந்தார். அங்கே வாடகை அறைகளில் இப்படித்தானாம். பெட்டியின் நெற்றியிலிருக்கும் துவாரத்தில் இங்கிலாந்துச் சில்லிங் நாணயக் குத்தி ஒன்றைப் போட்டுப் பிடியைத் திருகினால் உள்ளே கடக்கென்று விழும். பக்கத்து முள் மேலே ஏறும். கரண்ட் பாவிக்கப் பாவிக்க முள் இறங்கிச் சைபரைத் தொட்டதும் எல்லாம் நின்றுபோகும். இலங்கைக் குத்தி எதையும் அந்தப் பெட்டி சீண்டாது. ஏர்னெஸ்டிடம் ரூபாய் கொடுத்துச் சில்லிங் வாங்க வேண்டும். சனிக்கிழமைகளில் அவர் பெட்டியைத் திறந்து அதே குத்திகளை எடுத்துக்கொண்டு போய்த் திரும்பவும் விற்பார். ராணியின் கன்னத்தில் கீறல் விழுந்த ஒரு சில்லிங்கை மட்டும், அனெக்ஸில் வாடகைக்கு இருந்த பெர்னடெட் பதினொரு தரம் வாங்கியிருக்கிறாள்.

அதைத் துபாயிலிருந்த கணவன் லியோனுக்கு எழுதி, சிரித்தும் இருக்கிறாள். எண்பத்தைந்தாம் ஆண்டு குருநகரில் கடற்பக்கமிருந்து செல் குண்டுகள் விழத் தொடங்கியபோது, மாமனார் நீக்கிலாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு அவள் இந்த அனெக்ஸுக்கு வந்தாள். மீன்பிடிக்கிற ஆட்களுக்கு நல்லூரில் வீடு கிடைப்பதே பெரிய காரியம். உண்டியல் மீற்றரென்ன, உரல் மீற்றராக இருந்தாலும் அவள் ஓமென்றுதான் சொல்லியிருப்பாள்.

சிரிப்பெல்லாம் அடுத்த தை மாதத்தோடு போயிற்று. நாலு நாளைக்கு வந்த சில்லிங் ஒன்றரை நாளில் முடிந்தது. பெர்னடெட் பெரிய பல்பைக் கழற்றிவிட்டுச் சின்னப் பல்பு போட்டாள். மின்சார அயர்னைப் பெட்டியில் கட்டிவைத்துவிட்டுக் கரி போட்டுத் தேய்த்தாள். முள் இறங்கிக்கொண்டேயிருந்தது. கடைசியில் ஏர்னெஸ்டிடமே போய்ச் சொன்னாள்.

அவர் கண்ணாடியும் கைமணிக்கூடுமாக வந்தார். முன்னறை லைற்றைப் போடச் சொன்னார். மீற்றரின் கண்ணாடிக்குள் சிவப்புக் கோடு போட்ட தட்டொன்று சுற்றுவதை ஐந்து நிமிடம் பார்த்தார்.

"லைற் எரியுது, தட்டுச் சுத்துது. மீற்றர் சரி. உது இங்கிலாந்துச் சாமான் பிள்ளை, பொய் சொல்லாது. உங்கடை ஆக்கள் லாம்போடை இருந்து பழகினவை, கரண்டைப் பாவிக்கத் தெரியாது. கிழவன் பகலிலை ஃபானைப் போட்டிட்டுப் படுக்கிறாரோ எண்டு பாரும்."

'உங்கடை ஆக்கள்' என்றதற்கு அவள் காது சிவந்தது. ஆனால் வாடகைக்கு இருப்பவளுக்குக் காது மட்டும்தான் சிவக்கலாம். அந்தக் கோபத்தை அவள் பத்திரமாக உள்ளே கொண்டுபோய், இறக்கிவைக்கக்கூடாத இடத்தில் இறக்கிவைத்தாள்.

நீக்கிலாப்பிள்ளைக்கு எழுபத்திரண்டு வயது. தகரக் கூரைச் சூட்டில் மத்தியானம் ஒரு மணித்தியாலம் மின்விசிறிக்குக் கீழே படுப்பார். அவள் கேட்டதும் அதையும் நிறுத்தினார். அப்படியும் முள் இறங்கியது. ஒரு நாள் சந்தையால் வந்தவள், சைபரில் நின்ற முள்ளைப் பார்த்துவிட்டுக் கத்தினாள்.

"நான் அங்காலை போக, களவாய்ப் போடுறியள் என்ன மாமா? மகன் அங்கை வெயிலுக்கை காயிறான். இஞ்சை உங்களுக்குக் காத்துக் கேக்குதோ?"

"நான் போடேல்லைப் பிள்ளை."

"அப்ப ஆர் போட்டது? பேயோ?"

கிழவர் பின்னேரம் தன் றேடியோவைத் துவாயில் சுற்றி எடுத்துக்கொண்டு, குருநகரில் பாதி ஓடு போன பழைய வீட்டுக்கே போய்விட்டார். இரண்டு தரம் அவள் போய்க் கூப்பிட்டாள். "உன்ரை கரண்ட் மிஞ்சட்டும்" என்றார் முதல் தரம். இரண்டாம் தரம் வெளியே வரவேயில்லை. செல் விழுகிற கரையில், தகப்பன் தனியே கிடக்கிறார் என்று லியோனுக்கு எப்படி எழுதுவது? நாலு கடதாசி கிழித்துப் போட்டாள்.

அவர் போன பிறகும் சில்லிங் ஒன்றரை நாள்தான் வந்தது. அதை அவள் கவனிக்காமல் இல்லை. கவனித்தால் தன் வாயால் சொன்னதைத் திருப்பி விழுங்க வேண்டிவரும். அதனால் மீற்றருக்குக் கிழடு தட்டிவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அப்போது வந்தது பெரிய வெள்ளி. பெர்னடெட் பிறந்த வீட்டில் அன்றைக்கு அடுப்பு மூட்டுவதில்லை, றேடியோ போடுவதில்லை, விளக்குக் கொளுத்துவதில்லை. ஆண்டவர் கல்லறையில் கிடக்கையில் வீட்டில் என்ன வெளிச்சம் என்பாள் தாய் மரியநாயகி. அந்த வழக்கப்படி பெர்னடெட் விடியவே அனெக்ஸின் மெயின் சுவிச்சைக் கீழே இழுத்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு குருநகர்க் கோயிலுக்குச் சிலுவைப்பாதைக்குப் போனாள். வியாழன் மாலைதான் ஒரு சில்லிங் போட்டிருந்தாள். கோயிலில் ஆண்கள் பக்கம் நீக்கிலாப்பிள்ளை முழங்காலில் நின்றார். அவள் பார்த்தாள். அவர் திரும்பவில்லை.

பின்னேரம் ஐந்து மணிக்கு வந்து கதவைத் திறந்தவள் முள்ளைப் பார்த்தாள். பாதிக்கும் கீழே.

சுவிச்சைப் பார்த்தாள். கீழேதான் கிடந்தது. கண்ணாடிக்குள் பார்த்தாள். சிவப்புக் கோடு வந்தது, போனது, வந்தது. ஒரு பல்பும் எரியாத வீட்டில் தட்டு தன்பாட்டில் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் அசையாமல் நின்று பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் தட்டு ஓய்ந்து நின்றது. அதே நொடியில், சுவருக்கு அப்பால் பெரிய வீட்டுக் குசினியில் உறுமிக்கொண்டிருந்த ஏதோ ஒன்றும் நின்றது.

கதிரையைப் போட்டு ஏறி மீற்றருக்கு மேலே பார்த்தாள். மீற்றரிலிருந்து அவளுடைய மெயின் சுவிச்சுக்குப் போகும் வயரோடு, புதிதாக இன்னொரு கறுப்பு வயர் தொடுக்கப்பட்டுச் சுவர் ஓட்டைக்குள் நுழைந்திருந்தது. வெளியே போய்ப் பார்த்தாள். ஜாம் மரத்துக்குப் பின்னால் ஊர்ந்து, அது நேரே ஏர்னெஸ்டின் மனைவி ஐரிஸ் அன்ரியின் குசினிக்குள் போயிற்று.

எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. மார்கழி நத்தார் கழிந்த கிழமை ஏர்னெஸ்ட் வீட்டுக்குப் புது பிறிட்ஜ் வந்தது. வயர்காரன் அவளுடைய முன்னறையில் நின்று சுவரைத் துளைத்தான். மீற்றருக்கு ஏர்த் போடுகிறோம் என்றார் ஏர்னெஸ்ட். இருவருக்கும் அவள் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். மாமாவுக்குக் காய்ச்சல் வந்தபோது ஐரிஸ் ஒரு கோப்பை ஐஸ் கொண்டுவந்து தந்தாள். பெர்னடெட் அதற்கு மூன்று தரம் நன்றி சொன்னாள். அவளுடைய கரண்டில் உறைந்த ஐஸுக்கு! முள் சைபரைத் தொட்ட ஒவ்வொரு தரமும் "இருட்டுக்கை இராதேயும் பிள்ளை" என்று ஐரிஸ் சில்லிங்கோடு ஓடிவந்ததையெல்லாம் என்ன நல்ல மனம், என்ன நல்ல மனம் என்று ஊருக்கெல்லாம் சொல்லித் திரிந்தாளே!

அவள் அப்போதே போய்ப் பெரிய வீட்டுக் கதவில் உதைத்திருப்பாள். ஆனால் கேட்டால், வயர்காரன் பிழை என்று ஒரு சொல்லில் கழுவிவிடுவார்கள். தாங்களாகவே நடந்து வந்து இந்தப் பெட்டிக்கு முன்னால் நிற்க வேண்டும். அவள் சில்லிங் போடவில்லை. சுவிச்சை மேலே தூக்கவுமில்லை. காத்திருந்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டரைக்கு முள் சைபரைத் தொட்டது. பெர்னடெட் வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தாள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஐரிஸ் ஏப்பிரனோடு ஓடிவந்தாள், கையில் சில்லிங்.

"பிள்ளை பெர்னடெட், கரண்ட் நிண்டுட்டுதாக்கும். இந்தாரும், ஒரு குத்தி கொண்டந்தனான். காசு பிறகு பாப்பம். இருட்டுக்கை இராதேயும்."

முற்றத்து வெயில் கண்ணைக் குத்தியது.

"இருட்டோ அன்ரி? நேற்று விடியத் தொடக்கம் என்ரை மெயின் சுவிச் கீழை கிடக்குது. ஒரு லைற்றும் எரியேல்லை. என்ரை கரண்ட் நிண்டது எனக்கே தெரியாது. உங்களுக்கு என்னெண்டு தெரியும்?"

ஐரிஸின் கை அந்தரத்தில் நின்றது. "சும்மா... நினைச்சன்."

"உங்கடை பிறிட்ஜ் வந்து சொன்னதோ?"

சத்தம் கேட்டு ஏர்னெஸ்ட் வந்தார். பெர்னடெட் எழும்பி, வயரைக் காட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டார்.

"வயர்காரன் மாறிக் குடுத்திட்டான் போலை கிடக்கு. ஒரு சின்னப் பிழை."

"சின்னப் பிழையோ? மணிக்கூட்டோடை வந்து நிண்டனீங்களே ஐயா! லைற்றைப் போட்டுத் தட்டுச் சுத்துது எண்டு காட்டினீங்கள். ஒருக்கா லைற்றை நூத்துக் காட்டினீங்களோ? மீற்றர் பொய் சொல்லாது எண்டனீங்கள். ஓம், அது பொய் சொல்லேல்லை!"

"சத்தம் போடாதையும். எத்தினை குத்தி எண்டு சொல்லும், திருப்பித் தாறன். இப்ப இதைப் போடும். நாளைக்குப் போதகர் குடும்பம் சாப்பாட்டுக்கு வருது. இறைச்சி, புடிங் எல்லாம் உள்ளுக்கை. செவ்வாய்க்கிழமை வரைக்கும் வயர்காரனைப் பிடிக்கேலாது."

"உங்கடை குத்தியைக் கொண்டுபோய் உங்கடை வீட்டிலையே வையுங்கோ." பெர்னடெட் மீற்றருக்கு முன்னால் முதுகைக் கொடுத்து நின்றாள். "சைக்கிளை எடுங்கோ. குருநகருக்கு வாங்கோ. என்ரை மாமாவுக்கு முன்னாலை நிண்டு, கரண்டைத் திண்டது நீரில்லை, நான் எண்டு சொல்லுங்கோ. அதுக்குப் பிறகு பாப்பம்."

"நான்... அங்கையோ?"

அந்த 'அங்கை'யில் கடலும் கருவாடும் செல் பயமும், இன்னும் வாய்விட்டுச் சொல்லாத சாதியும் எல்லாம் இருந்தன. பெர்னடெட்டுக்கு அது விளங்கியது. விளங்கியதால் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நின்றாள். ஐரிஸ்தான் முதலில் உடைந்தாள். "போயிட்டு வாங்கோவன் இஞ்சாருங்கோ, புடிங் உருகப்போகுது!"

இரண்டு சைக்கிளும் வெயிலில் குருநகருக்குப் போயின. நீக்கிலாப்பிள்ளை ஓடு இருக்கிற பக்கமாய், கவிழ்த்த பெட்டியொன்றில் இருந்தார். லோங்ஸ் காற்சட்டை போட்ட பெரிய மனிதரைக் கண்டதும் எழும்பி, அந்தப் பெட்டியையே துடைத்துக் கொடுத்தார்.

"இருங்கோ ஐயா. தேத்தண்ணி வைக்கட்டோ?"

ஏர்னெஸ்ட் இருக்கவில்லை. நின்றபடி, நிலத்தைப் பார்த்துச் சொன்னார். வயர்காரன் மாறிக் கொடுத்துவிட்டான், தன் வீட்டு பிறிட்ஜ்தான் இழுத்திருக்கிறது, பெரியவரின் ஃபான் இல்லை. சொல்லி முடித்ததும், வேதப்பாடம் ஒப்புவித்த மாதிரி மூச்சு விட்டார்.

"அப்பிடியோ ஐயா. சரி, சந்தோசம்," என்றார் கிழவர். "வெயிலுக்கை அலைஞ்சு வந்திட்டியள்."

ஏர்னெஸ்ட் தொப்பியை எடுத்துக்கொண்டு ஒழுங்கைக்கு நடந்தார். பெர்னடெட்டுக்கு வென்றுவிட்ட ஆவேசம் இன்னும் அடங்கவில்லை.

"கேட்டியளே மாமா? அவர்தான் கள்ளன். தன்ரை வாயாலை சொல்லிப்போட்டார். வாங்கோ, றேடியோவை எடுங்கோ, போவம்."

நீக்கிலாப்பிள்ளை துடைத்த பெட்டியில் மெதுவாக இருந்தார்.

"அவர் கரண்டைத்தான் எடுத்தவர் பிள்ளை. என்னைக் கள்ளன் எண்டு அவர் சொல்லேல்லை. நீதான் சொன்னனீ."

ஏர்னெஸ்டைக் குருநகர் வரை இழுத்துவந்தவளுக்கு, தான் சொல்ல வேண்டியதை இன்னும் சொல்லவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. நிலத்தில் முழங்காலில் இருந்தாள்.

"பிழைதான் மாமா. என்னிலைதான் பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

கிழவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நாளைக்குப் பாஸ்குத் திருநாள் பூசைக்கு வா," என்றார். பெட்டியை விட்டு எழும்பவில்லை.

ஒழுங்கை முடக்கில் ஏர்னெஸ்ட் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். முகமெல்லாம் வியர்வை. ஐரிஸ் தந்துவிட்ட சில்லிங்கை இன்னும் கையில் வைத்திருந்தார். ராணியின் கன்னத்தில் கீறல் விழுந்த அதே குத்தி.

"நான் வந்து சொல்லிப்போட்டன் தானே பிள்ளை. இனி இதைப் போடலாந்தானே?"

பெர்னடெட் கண்ணைத் துடைத்தாள். காது இன்னும் சிவந்துதான் இருந்தது. இப்போது யாரில் கோபம் என்று அவளுக்கே தெரியவில்லை.

"மாமா வரட்டும். வந்து ஃபானுக்குக் கீழை படுக்கட்டும். அதுக்குப் பிறகு போடுறன்."

"எப்ப வருவார்?"

"அது எனக்கும் தெரியாது," என்று சொல்லிவிட்டு அவள் சைக்கிளில் ஏறினாள்.