தலைகீழாக மாட்டிய மீன்

எல்லாரும் சௌக்கியமா? மூட்டுவலிக்காரர்களுக்கு வலி கொஞ்சம் விட்டிருக்கிறதா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான் கனம்.

என் தங்கை கடலுக்கடியில் பவளப்பாறைக் குகைகளுக்குள் புகுந்து மீன் பார்ப்பவள். போன மாதம் புற்றுநோயில் போய்விட்டாள். சுண்டுவிரல் நகத்தளவு ஆரஞ்சு மீன் ஒன்று நம் பக்கக் கடலிலும் இருக்கிறது என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். கூட வேலை பார்த்த ஆராய்ச்சிக்காரம்மா நம்பவில்லை. அவர் போடும் மீன் புத்தகத்தில் அதைச் சேர்க்க ஆதாரம் வேண்டுமாம். தங்கையின் கம்ப்யூட்டரும் கெட்டுப்போனதால், அவள் கடைசியாகக் குகைக்குள் எடுத்த படத்தின் ஒரே ஒரு பிரிண்ட்தான் மிச்சம். அது ஃப்ரேம் போட்டு அவள் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது.

அந்தம்மா வந்து, சுவரில் மூக்கு முட்டுகிற மாதிரி நின்று பார்த்தார்.

"இந்த நிறத்துல ரெண்டு வகை மீன் இருக்குங்க. முதுகுத் துடுப்புல ஒரு முள்ளு நூல் மாதிரி நீண்டிருந்தா, அவங்க சொன்னது. இதுல துடுப்பு மடங்கிக் கெடக்கு. அதுவும் போக, அந்த மீன் குகைக் கூரையை வயித்தால ஒட்டிக்கிட்டு மல்லாந்துதான் நீந்தும். இது சமர்த்தா தரைப் பாறை மேல இருக்கே. சாதாரண மீன்தான்."

தங்கை புருஷன் முகம் தொங்கிப்போனது. "அவ தெரியாம சொல்ல மாட்டாக்கா."

"அதை என்கிட்ட சொல்லி என்ன பண்ண மாப்ளே?"

பையை எடுத்துக்கொண்டு கிளம்பிய அந்தம்மா, வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். மீனுக்குக் கீழே, பாறையில் வெள்ளி வெள்ளியாக என்னவோ ஒட்டியிருந்தது.

"இது காத்துக் குமிழியாச்சே! குமிழி மேலதானே போகும், தரையில எப்படி ஒட்டும்? இதை யாருங்க மாட்டினது?"

மாப்பிள்ளை திருதிருவென்று விழித்தார். "ஃப்ரேம் கடைக்காரர்... 'மீன் மல்லாந்து கெடக்கு சார், துக்க வீட்ல வேணாம், நேராக்கிட்டேன்'னார். நானும் சரின்னுட்டேன்."

"நல்லா நேராக்கினீங்க, ரெண்டு பேரும்!" என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

மாப்பிள்ளை படத்தைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தார். பாறை கூரையானது. மீன் அதில் வயிற்றை ஒட்டி மல்லாந்து மிதந்தது.

"அவங்க சொன்னதேதான்" என்றார் அந்தம்மா. குரல் இறங்கியிருந்தது. "புத்தகத்துல அவங்க பேரைப் போட்டே சேர்க்கறேன்."

"இந்தக் குமிழி எங்கேருந்துங்க வந்துச்சு?" என்று கேட்டார் மாப்பிள்ளை.

"அவங்க விட்ட மூச்சுங்க. குகைக்குள்ள வெளியே போக வழியில்லாம கூரையிலயே தங்கிடும்."

மாப்பிள்ளை சட்டை நுனியால் கண்ணாடியில் குமிழி இருந்த இடத்தை மட்டும் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

உங்கள் வீட்டிலும் போனவர்கள் சொன்ன சொல் ஏதாவது பிற்பாடு மெய்யாகியிருக்குமே? எனக்கு எழுதுங்கள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒன்று விடாமல் படிப்பேன்.