முதல் டோக்கன்

சென்னையில் ஆட்சி மாறிய வருடம் அது. குடவாசல் பக்கத்து நெல் கொள்முதல் நிலையம் ஒன்றுக்கும் கம்ப்யூட்டர் வந்து சேர்ந்தது. யார் நெல்லை முதலில் எடை போடுவது என்பதில் வருடா வருடம் மண்டை உடைந்ததால், வந்த வரிசைப்படி டோக்கன் அச்சடிக்க ஒரு ப்ரோகிராம் எழுதச் சொன்னார்கள். எழுதியவள் அம்சவல்லி. நில உச்சவரம்புச் சட்டத்தில் ஒன்றரை ஏக்கர் பெற்ற அரசப்பனின் மகள். அவர்களுடைய கூலியாட்கள் தெருவில் கம்ப்யூட்டர் படித்த முதல் பெண்.

அவள் எழுதிய ஜாவா மொழியின் லைப்ரரியில் ஹேஷ்டேபிள் என்றொரு கிளாஸ், அதாவது எடுத்தாளத் தயாராக எழுதிவைத்த ப்ரோகிராம் துண்டு, உண்டு. பட்டா எண்ணைச் சாவியாகக் கொடுத்து விவசாயியின் விவரத்தைப் போட்டுவைத்தால், எண்ணைக் கேட்ட மாத்திரத்தில் எடுத்துத் தரும். அம்சவல்லி சில எண்களைக் கேட்டுப் பார்த்தாள். எல்லாம் சரியாக வந்தன. முழுவதையும் ஒருமுறை அச்சடித்துப் பார்க்கவில்லை. அஞ்சறைப்பெட்டியில் சீரகம் வேண்டுமென்றால் கை நேராகச் சீரகத்துக்குப் போகும். முதலில் கொட்டியது கடுகையா சீரகத்தையா என்று பெட்டியைக் கேட்டால் அது என்ன சொல்லும்? ஹேஷ்டேபிளும் அப்படித்தான், யார் முன்னால் வந்தார் என்பது அதற்குத் தெரியாது; மொத்தமாகக் கேட்டால் தன் போக்கில் ஒரு வரிசை போடும். இதைப் பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியவள்தான் அவள்.

குறுவைக் கொள்முதலின் முதல் நாள். மிராசுதார் பஞ்சநதத்தின் டிராக்டர்கள் விடிவதற்குள் களத்தில் நின்றன. அரசப்பன் கடைசியாக வந்தார். அறுவடை மெஷின் பெரிய வயல்களை முடித்த பிறகுதானே ஒன்றரை ஏக்கர் பக்கம் தலைகாட்டும்? எல்லோரையும் பதிந்து முடித்ததும் டோக்கன் அச்சானது. முதல் டோக்கன் அரசப்பனுக்கு. பஞ்சநதத்தின் பெயர் அடியில் கிடந்தது.

"அப்பன் பேரு முதல்ல! தானாடாட்டியும் தன் சதை ஆடுமில்ல" என்று சிரித்தார் பஞ்சநதம். அவருடைய ஆட்கள் சிரிக்கவில்லை.

"எத்தனை வருஷம் நாங்க கடைசியில நின்னோம்? மெஷின் சொன்னது சொன்னதுதான், மாத்தக் கூடாது" என்று விவசாயத் தொழிலாளர் சங்கத்துக் காயாரோகணம் தராசுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

கிழக்கே வானம் கறுத்திருந்தது. நனைந்த நெல்லை எடுக்க மாட்டார்கள். அரசப்பன் வீட்டுக்கு அந்த வருடச் சாப்பாடே அந்தக் குவியல்தான். நிலையப் பொறுப்பாளர் ஜெக்கரியா குனிந்து, "விடும்மா. கம்ப்யூட்டர் போட்ட வரிசைன்னா யாரும் ஒண்ணும் கேக்க முடியாது. உங்கப்பா நெல்லு தப்பிச்சிரும்" என்றார்.

அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்? ஆனால் தப்பு மெஷினுடையதல்ல, தான் எடுத்த கிளாஸுடையது என்று அவளுக்குத் தெரியும். திருடி என்று ஊர் சொல்லிவிட்டால், அந்தத் தெருவிலிருந்து இன்னொரு பெண்ணை அந்த நாற்காலியில் யார் உட்காரவிடுவார்கள்?

எழுந்து நின்றாள். "தப்பு என்னோடதுங்க. இது வந்த வரிசை இல்ல."

போட்ட வரிசையை நினைவில் வைத்திருக்கும் வேறொரு கிளாஸுக்கு மாற்றி, எல்லோரையும் வந்தபடியே மறுபடி பதிந்தாள். பஞ்சநதம் முதல், அரசப்பன் கடைசி. காயாரோகணம் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமலே போனார்.

பஞ்சநதத்தின் நெல் எடை முடிந்து, பாதிக் களம் காலியான நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. அப்பாவும் மகளும் படுதாவை இழுத்து மூடுவதற்குள் குவியலின் அடியில் தண்ணீர் ஓடியது. குடையோடு வந்து நின்ற பஞ்சநதம், "அரசப்பா, உன் மக நாணயமான பொண்ணுடா" என்றார். மனதாரத்தான் சொன்னார்.

அவர் கார் ஏறிப் போனார்.

"உன் தாத்தனையும் இவங்கப்பா இப்படித்தான் சொல்லுவாரு பாப்பா, நாணயமான ஆளுன்னு" என்றார் அரசப்பன். "சாவுற வரைக்கும் அவங்க வயல்லதான் குனிஞ்சு கெடந்தாரு."

அம்சவல்லி படுதாவின் மறுமுனையை மிதித்துக்கொண்டு நின்றாள்.