ஸ்கோர் ஏறவேண்டும்

என் கணவருக்குச் சொற்களில் பைத்தியம். மற்றப் பெண்களின் புருஷன்மார் சீட்டு விளையாடுவார்கள், அரசியல் பேசித் தொண்டை கட்டிக்கொண்டு வருவார்கள், குறைந்தது தோட்டம் கொத்தவாவது போவார்கள். கதிர்காமநாதன் மட்டும் வேலை முடிந்து வந்து, சாப்பிட்ட கையோடு தடித்த ஆங்கில அகராதியை மடியில் வைத்துக்கொள்வார். ஒரு சொல் எந்த ஊரில் பிறந்தது, யாரிடம் வளர்ந்தது, கடைசியில் எப்படிக் கெட்டுப்போனது என்று பார்த்துக்கொண்டே இருப்பார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த இடத்தையும் சொற்களே பிடித்துக்கொண்டன என்று எரிச்சலில் சொல்லியிருக்கிறேன். அவர் கோபிக்கமாட்டார். "சொல்லுகளுக்குச் சாப்பாடு குடுக்கத் தேவையில்லைத்தானே" என்பார்.

ஜேர்மனியின் எசன் நகரில் இரும்புச் சாமான் களஞ்சியம் ஒன்றில் காலம் முழுவதும் வேலை செய்தார். பெட்டி ஏற்றி இறக்குவதற்கு ஆங்கிலம் எதற்கு? ஆனால் யாழ்ப்பாணத்தில் படித்த காலத்தில் ஆங்கிலத்தில் அவரை யாரும் முந்தியதில்லையாம். பல்கலைக்கழகம் போகவேண்டிய வருடத்தில்தான் அகதியாகப் புறப்பட்டு வந்தார். மார்க்ஸ் வாங்கிப் பழகிய மனிதருக்கு அதற்குப் பிறகு ஒருவரும் மார்க்ஸ் போடவில்லை. இது தெரியாவிட்டால் அவர் பிறகு செய்த காரியம் யாருக்கும் விளங்காது.

சென்ற மாரிக் குளிரில் அவருடைய கண்கள் மஞ்சளாயின. சின்ன வயதில் உடம்புக்குள் புகுந்த ஒரு வைரஸ் இத்தனை வருடமும் சத்தம் போடாமல் ஈரலைத் தின்றிருக்கிறது என்றார்கள். வேறொருவரின் ஈரலை எடுத்து வைத்தால்தான் ஆள் மிஞ்சுவார். ஈரல் என்றதும் எங்கள் ஆட்களுக்கு ஒரே ஒரு காரணம்தான் தெரியும். கீழ்மாடியில் இருக்கும் பிளோறன்ஸ் அக்கா படியில் என்னை மறித்தார்.

"அவர் குடிக்கிறவரெண்டு நான் கனவிலையும் நினைக்கேல்லையப்பா."

பியர் போத்தலைக் கண்டாலே முகத்தைத் திருப்பும் மனிதருக்கு இந்தப் பெயர். எனக்கு உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை எரிந்தது. "இனியும் கனவு காணாமல் நித்திரை கொள்ளுங்கோ அக்கா" என்று சொல்லிவிட்டு ஏறிவந்தேன். வந்து கதவைச் சாத்தியபின் அழுதேன்.

மருத்துவமனையில், ஈரலுக்குக் காத்திருப்பவர்களைக் கவனிக்கும் லிசா என்ற பெண் எங்களை இருத்தி எல்லாவற்றையும் விளக்கினாள். வரிசை என்று சொல்வது உண்மையில் வரிசை இல்லை. முதலில் வந்தவருக்கு முதலில் என்ற கதையே கிடையாது. ஒவ்வொருவருக்கும் இரத்தத்தைப் பார்த்து ஒரு எண் போடுவார்கள். அதற்குப் பெயர் ஸ்கோர். ஆறில் தொடங்கி நாற்பதில் முடியும். எண் ஏற ஏற ஆள் சாவுக்குக் கிட்டப் போகிறார் என்று பொருள். சாவுக்குக் கிட்ட நிற்பவருக்கே ஈரல் முதலில். என் கணவருக்கு அன்று இருபத்தொன்று.

நான் தலையை ஆட்டினேன். ஆனால் மண்டைக்குள் போகவில்லை. எண் கூடினால் நல்லது, குறைந்தால் வெட்கம் என்று பாலர் வகுப்பிலிருந்து உருவேற்றிய தலை இது. வெளியே வந்ததும் அவரைக் கேட்டேன்.

"இப்ப என்னப்பா, பாஸோ பெயிலோ?"

"பாஸ் பண்ணிறதுக்கு இன்னும் கொஞ்சம் சாகவேணும்" என்றார்.

திரும்பி வரும்போது எஸ்-பான் ரயிலில் அவருக்கு ஒரே உற்சாகம். எதிரே நாயோடு இருந்த பெண் அவருடைய மஞ்சள் கண்களைப் பார்த்து, இருக்கையை மாற்றிக்கொண்டு போனாள். அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

"உனக்குத் தெரியுமே, ஸ்கோர் எண்டது முதல்லை இலக்கமே இல்லை. வெட்டு. தடியிலை கத்தியாலை போடுற வெட்டு. வடக்கை இருந்து கப்பல்லை வந்த ஆக்கள் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்த சொல்லு."

"ஓமோம்" என்றேன். என் மனம் ஈரலில் இருந்தது.

"ஆடு எண்ணுறவன் இருபது மட்டும் எண்ணுவான். கைவிரல் கால்விரல் அவ்வளவுதானே. இருபது முடிஞ்சால் தடியிலை ஒரு வெட்டு. அப்பிடித்தான் வெட்டு எண்ட சொல்லுக்கே இருபது எண்டு அர்த்தம் வந்தது. மனிசற்றை வயசைக்கூட ஸ்கோர்க் கணக்கிலைதான் சொன்னவங்கள்."

பிறகு அந்தச் சொல் சாராயக்கடைக்குப் போனதாம். அங்கே குடித்தவனின் கடனையும் வெட்டுப் போட்டே வைத்தார்களாம். பிறகு கிரிக்கெட் மைதானத்துக்கு வந்ததாம். தொடக்கத்தில் ஓட்டங்களையும் தடியில் வெட்டித்தான் எண்ணினார்களாம். அங்கிருந்து பரீட்சைக்குத் தாவியதாம். அந்தப் பயணத்தில் இருபது என்ற பொருள் எங்கேயோ உதிர்ந்துபோய், எந்த எண்ணும் ஸ்கோர்தான் என்றாகிவிட்டதாம்.

"இப்ப ஜேர்மன்காரன் அதை இரவல் வாங்கிவைச்சுக்கொண்டு, வீடு வாடகைக்குக் குடுக்கவும் ஸ்கோர் பாக்கிறான், ஈரல் குடுக்கவும் ஸ்கோர் பாக்கிறான். என்ரை இருபத்தொண்டு எண்டால், பழைய கணக்குக்கு ஒரு வெட்டும் மேலை ஒரு ஆடும்."

"ஆடு எண்ணினது காணும். தண்ணியைக் குடியுங்கோ" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது. அந்த மாரி முழுவதிலும் நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்தது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

நான் முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்கிறேன். உப்பில்லாமல் வாய்க்கு ருசியாகச் சமைப்பது என் தொழில். அவருடைய வயிற்றில் தண்ணீர் கட்டக்கூடாது என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் உப்பை நிறுத்தினேன். கருவாட்டை நிறுத்தினேன். தேசிக்காயும் மல்லியும் மிளகும் போட்டு ஒப்பேற்றினேன். குளிசைகளை நேரம் தவறாமல் கொடுத்தேன். ஒரு பாணி மருந்தும் இருந்தது. சீனிப்பாகு மாதிரித் தித்திப்பு. அதைக் குடித்தால் வயிற்றால் போகும். அப்படிப் போனால்தான் ஈரல் வடிக்காமல் விட்ட நஞ்சு தலைக்கு ஏறாது. நாளெல்லாம் கழிவறைக்கு ஓடவைக்கும் அந்தப் பாணியை அவர் வெறுத்தார். ஆனாலும் நான் முன்னால் நின்றால் குடிப்பார்.

அடுத்த பரிசோதனையில் ஸ்கோர் பதினேழு. லிசா என் கையைப் பிடித்து, உங்கள் சமையல் வேலை செய்கிறது என்றாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பதினேழு ஒரு வெற்றி என்றே பட்டது. அவர் மட்டும் லிசாவைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். எனக்கு முன்னால் இருப்பவர்களுக்கு எவ்வளவு? அவள் பொய் சொல்லத் தெரியாத பெண். பெரும்பாலும் முப்பதுக்கு மேலே போனவர்களுக்குத்தான் கிடைக்கிறது என்றாள்.

அன்று ரயிலில் அவர் எந்தச் சொல்லையும் பற்றிப் பேசவில்லை.

"குறைஞ்சு போச்சு" என்றார் கடைசியில்.

"குறைஞ்சது நல்லதுதானேயப்பா. வயிறு வத்தியிருக்கு, நடக்கிறியள், சாப்பிடுறியள்."

"ஈரல் திரும்பி முளைக்கப்போறேல்லை. நீ என்னைப் பாத்துப் பாத்து இப்பிடியே வைச்சிருப்பாய். என்ரை முறை வராது. பிறகு ஒருநாள் ஒரேயடியாய் விழுவன். அப்ப நேரம் காணாது."

அவர் சொன்னது சரி. அன்று மாலை சமையலறையில் உப்புப் பேணியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு கனநேரம் நின்றேன். ஒரு கரண்டி போட்டால் என்ன? இரண்டு எண் ஏறாதா? பிறகு அந்த நினைப்பே பயமாகிப் பேணியை அலுமாரியின் உச்சித்தட்டில் தள்ளிவிட்டேன். கட்டியவள் இப்படி நினைக்கலாமா? நினைக்க வைத்துவிட்டார்களே என்று யாரென்று தெரியாத ஒருவர்மேல் கோபம் வந்தது.

பிறகு பாணியைத் தானே குடித்துக்கொள்வதாகச் சொன்னார். நான் விடிய வேலைக்குப் போகவேண்டும், அவருக்குச் சிறுபிள்ளை போல ஊட்டிவிட வேண்டாமாம். போத்தலில் அளவு ஒழுங்காகக் குறைந்துகொண்டு வந்தது. நான் நம்பினேன்.

வெயில் காலம் தொடங்கியபோது பால்கனியில் எறும்பு வந்தது. தக்காளிச் சாடியைச் சுற்றிக் கறுப்பாய் மொய்த்தது. மூன்றாம் மாடிக்கு எறும்பு எப்படி ஏறியது என்று எறும்பைத்தான் திட்டினேன். அதே நாட்களில் அவருக்குச் சொற்கள் தடக்கத் தொடங்கின. கரண்டியைச் சீப்பு என்றார். காலில் போடும் சப்பாத்தைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தார். அகராதியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்தபடி இருந்தார். களைப்பு என்று நினைத்தேன். கேட்டால் எரிந்து விழுந்தார்.

ஒரு நாள் வேலையால் வந்தபோது ஜன்னலுக்கு முன்னால் நின்றார். சாப்பிட்டதை மேலெல்லாம் சத்தி எடுத்திருந்தார். கையால் ஜன்னலைக் காட்டி, "அது... அந்த... அதை..." என்றார். ஜன்னல் என்ற சொல் வரவில்லை. தமிழிலும் வரவில்லை, ஜேர்மனிலும் வரவில்லை, அவர் உயிராக வைத்திருந்த ஆங்கிலத்திலும் வரவில்லை. வாயைத் திறந்து திறந்து பார்த்துவிட்டு விம்மி அழுதார்.

அம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு, காற்று வரட்டும் என்று பால்கனிக் கதவைத் திறந்தேன். சாடியைத் தள்ளிய கையில் பிசுபிசுவென்று ஒட்டியது. மணந்து பார்த்தேன். பாணி.

"ஏனப்பா இப்பிடிச் செய்தனீங்கள்?"

அந்த ஒரு சொல் மட்டும் எங்கும் போகாமல் இருந்தது. "ஸ்கோர்" என்றார். "ஏறவேணும்."

மருத்துவமனையில் லிசா வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கதிரையை இழுத்து மெல்ல உட்கார்ந்தாள். ஸ்கோர் தலையைப் பார்ப்பதில்லை என்றாள். இரத்தத்தில் மூன்றே மூன்று விஷயங்கள். மஞ்சள் எவ்வளவு, சிறுநீரகம் எப்படி, இரத்தம் எவ்வளவு வேகமாக உறைகிறது. அவ்வளவுதான். ஒருவர் தன் பெயரையே மறந்தாலும் அதற்கு அரைப் புள்ளிகூட இல்லை.

என்னைக் கேட்டிருந்தால் லிசாவிடம் கேட்டுச் சொல்லியிருப்பேனே. ஆனால் அவர் கேட்கமாட்டார். வகுப்பில் முதலாம் பிள்ளை யாரைக் கேட்கும்? பாடத்திட்டத்தில் இல்லாத பாடத்தை இரவு பகலாகப் படித்திருக்கிறார். அதற்காகத் தன்னிடம் இருந்த ஒரே சொத்தைக் கொட்டியிருக்கிறார். எனக்கு அவரை அடிக்கவேண்டும் போலவும் கட்டிப்பிடிக்கவேண்டும் போலவும் இருந்தது.

சத்தி எடுத்தபோது அது நெஞ்சுக்குள் இறங்கி நியுமோனியா ஆகியிருந்தது. அதோடு சிறுநீரகமும் விட்டுக்கொடுத்தது. அப்போதுதான் ஸ்கோர் ஏறியது. முதலில் இருபத்தொன்பது. இரண்டு நாள் கழித்து முப்பத்தாறு. லிசா என்னை நடைபாதைக்குக் கூட்டிப்போனாள். நெஞ்சில் கிருமி இருக்கும்போது ஈரல் வைக்க ஏலாது, வைத்தால் மேசையிலேயே முடிந்துவிடும் என்றாள். அதனால் அவருடைய பெயரை இப்போதைக்கு ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். கிருமி போனால் திரும்பச் சேர்ப்பார்கள். போனால் என்ற சொல்லைச் சொல்லும்போது அவள் தரையைப் பார்த்தாள்.

குழாய் வழியாகப் பாணியை விட்டதால் வியாழன் மத்தியானம் அவருக்குத் தலை தெளிந்தது. என்னை அடையாளம் கண்டார். பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

"சுந்தரி, ஸ்கோர் எவ்வளவு?"

"முப்பத்தாறு."

"எவ்வளவு?"

"முப்பத்தாறப்பா."

அந்த மஞ்சள் முகத்தில் ஒரு பெருமை வந்தது. நான் அவரைக் கட்டிய காலத்திலிருந்து அப்படியொரு பெருமையை அந்த முகத்தில் கண்டதில்லை.

"அப்ப எனக்கு முன்னாலை ஆரும் இல்லையே?"

"இல்லை. நீங்கள்தான் முதல் ஆள்."

அவருடைய உதடுகள் வெடித்துக் காய்ந்திருந்தன. சின்னக் கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுக்கலாம் என்று தாதி சொல்லியிருந்தாள். கரண்டியை வாயருகே கொண்டுபோனேன். அவர் தலையைத் திருப்பிக்கொண்டார்.

"வேண்டாம். எந்த நேரமும் ஒபரேசனுக்குக் கூப்பிடுவினம். வெறுவயித்தோடை இருக்கவேணும்."

"ஒரு வாய்தானேயப்பா."

"விசரே உனக்கு? இவ்வளவு தூரம் வந்திட்டு?"

உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். அன்று பின்னேரம் கேட்டேன், இரவு கேட்டேன். தாகம் எடுக்கிறது என்று கண் சொல்லியது, வாய் திறக்கவில்லை. ஒரு வசனம் சொல்லியிருந்தால் குடித்திருப்பார். உங்களுடைய பெயரை எடுத்துவிட்டார்கள், யாரும் கூப்பிடமாட்டார்கள், தண்ணியைக் குடியுங்கோ. அந்த வசனம் தொண்டைவரை வந்து வந்து போனது. முதலாம் ஆளாகப் படுத்திருந்த மனிதரிடம் அதை என்னால் சொல்ல முடியவில்லை.

வெள்ளி விடிய அவர் போய்விட்டார். கோப்பையில் ஊற்றிய தண்ணீர் அப்படியே இருந்தது.