மைமூனின் கடைவாய்ப் பல்

...கையைத் தூக்கினால் நிறுத்திவிடுவேன் என்று பல் டாக்டர் தனசேகரன் சொன்னாரே, நிஜமாகவே நிறுத்துவாரா, இல்லை ஒரு பேச்சுக்குச் சொன்னதா, பார்த்துவிடலாமே என்று நாற்காலியில் சாய்ந்திருந்த மைமூன் கையைத் தூக்கினாள், ஊசி இன்னும் பக்கத்தில்கூட வரவில்லை, இருந்தும் அவர் சட்டென்று விலகி, "சொல்லுங்க மேடம்" என்றார்... சொல்ல என்ன இருக்கிறது, "நிறுத்துறீங்களான்னு பார்த்தேன்" என்றாள், அவர் சிரித்து, சிங்கப்பூர்க்காரர்களுக்கே உரிய இழுப்போடு, "எத்தனை தடவை வேணும்னாலும் பாருங்க லா" என்றார். நோய் வந்து பதினோரு வருடம், அவள் கையைத் தூக்கியதற்காக யார் நின்றிருக்கிறார்கள்? வார்டில் ஊசி போட வந்தவர்கள் நின்றார்களா, லிஃப்டில் அவளைக் கண்டு ஒதுங்கிய அண்டைவீட்டார்தான் நின்றார்களா...

சுவரோரம் தங்கை அமீரா கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், பாவம், அவளையும் குறை சொல்ல முடியாது, பல்லுக்குள் சிப் வைத்துவிட்டார்கள், அதற்குள்ளிருந்து ஒருவன் பேசுகிறான் என்று செங்காங் வீட்டில் அறையைப் பூட்டிக்கொண்டு கத்தியது மைமூன்தானே, இரண்டு வருடம் முன்னால், கதவுக்கு வெளியே அழுதுகொண்டு நின்றது அமீராதானே... ஆனால் போன ரமலானில் நோன்பு திறந்த பேரீச்சம்பழத்தைக் கடித்ததும் மண்டைவரை ஏறியதே, அதில் யாரும் பேசவில்லை, அது வெறும் வலி, "பல் வலிக்குது" என்றுதான் சொன்னாள், உடனே அமீராவின் முகத்தில் அந்தப் பார்வை, "லாத்தா, மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?" ஒழுங்காகத்தான் போட்டாள், அந்த மாத்திரைதான் வாயைக் காய வைத்தது, காய்ந்த வாய்க்கு நாளெல்லாம் மிட்டாய், படுக்கையை விட்டு எழவே முடியாத மாதங்களில் பிரஷ்ஷை யார் தொட்டார்கள், எல்லாம் சேர்ந்துதான் பல்லைத் தின்றன, இதை இன்று காலை டாக்டரே சொன்னார், மனநோய் மாத்திரை சாப்பிடும் நிறையப் பேருக்கு இப்படித்தான் ஆகிறது, அவர்களை யாரும் பல்லுக்கென்று கூட்டி வருவதில்லை என்று. கூட்டி வரவா? அவளே அல்லவா போன் செய்து நேரம் வாங்கினாள், லிட்டில் இந்தியா ஸ்டேஷனில் அமீராவுக்கு முன்னால் இறங்கி நடந்தாள், படிவத்தில் என்ன நோய் என்று கேட்ட இடத்தில் 'மனச்சிதைவு' என்று தெளிவாக எழுதினாள்... எக்ஸ்ரேயில் வேரடியில் கறுப்பாக ஒரு வட்டம், "சீழ் பிடிச்சிருக்கு, இவ்வளவு நாள் எப்படித் தாங்குனீங்க?" என்று டாக்டர் கேட்டபோது அவள் தங்கையைத்தான் பார்த்தாள், பார் அமீரா, நன்றாகப் பார், படத்தில் விழுந்திருக்கிறது என் வலி!

ஊசி, மரமரப்பு, ஓர் அழுத்தம், கையைத் தூக்கினாள், நின்றார், மறுபடி தூக்கினாள், மறுபடியும் நின்றார், மூன்றாவது முறை அவளே தலையசைத்தாள், எடுங்கள் என்று, பல் வந்துவிட்டது. தட்டில் கிடந்ததை அவள் கேட்டு வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், பழுப்பு, ஒரு குழி, கொஞ்சம் ரத்தம், வேறொன்றும் இல்லை, வெறும் பல், சிரிக்க வேண்டும்போல் இருந்தது, வாயில் பஞ்சு.

சிராங்கூன் சாலை வெயிலில் பூக்கடைகளைத் தாண்டி ராணி மாதிரி நடந்தாள், பாதி முகம் மரத்திருந்தாலும் என்ன, இன்று ஜெயித்தது அவள்தான், பின்னால் வந்த அமீரா கையைப் பிடித்து, "மன்னிச்சிடுங்க லாத்தா, நான் நம்பியிருக்கணும்" என்றாள், மைமூன் பஞ்சைக் கடித்தபடி அந்தக் கையை அழுத்தினாள், போகட்டும், நீ நம்பாததற்குக் காரணம் இருந்தது... ஆனால் அத்தனை மாதமும் வலி தெறிக்கும்போதெல்லாம், இது சும்மா, இதுவும் உன் நோய்தான் என்று உள்ளே ஒருத்தி சொல்லிக்கொண்டே இருந்தாளே, அது அமீரா இல்லையே, அவளை என்ன செய்வது, அவள் எப்போது வந்து மன்னிப்புக் கேட்பாள்...